சக்கரத்தை எண்ணினால் போதுமா?

இரயில் எஞ்சின்களைப் பற்றிய நூல் எதைத் திறந்தாலும், படங்களின் கீழே 4-6-2, 2-8-2 என்று எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசல் எஞ்சின், மின்சார எஞ்சின் என்றால் எண்களுக்குப் பதில் 'கோ-கோ', 'போ-போ' என்று இருக்கும். பொது அறிவு நூல்கள் இவற்றை மனப்பாடத்துக்கு உரிய செய்திகளாகத் தந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. இந்தக் குறியீடுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன, ஒன்றைவிட மற்றொன்று எவ்வகையில் மேல் என்று கேட்பார் இல்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

உரைத்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டும். தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளலாம். 1876 இல் மதுரையிலிருந்து இங்கு மீட்டர் பாதை வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இங்கே வண்டியை விட்டு இறங்கிக் கப்பலேறினார்கள். 1914 இல் பாம்பன் பாலம் திறந்து, 'போட் மெயில்' தனுஷ்கோடிக்குத் திரும்பும் வரை இதுவே வழி. அந்த மீட்டர் பாதை நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்துப் பின்பு அகலப் பாதையாயிற்று. நீராவி, டீசல், மின்சாரம் ஆகிய மூன்று தலைமுறை எஞ்சின்களையும் கண்ட ஊர் இது. மூன்றுக்கும் பொருந்தும் குறியீடு ஏதாவது இருந்தால் அது இங்கே தேற வேண்டும்.

முதலில் 4-6-2 போன்ற எண்களைப் பார்ப்போம். நீராவி எஞ்சினின் சக்கரங்கள் மூன்று கூட்டமாக அமைந்தவை. முன்னே உள்ள சிறு சக்கரங்கள் வளைவுகளில் எஞ்சினுக்கு வழி காட்டுகின்றன. நடுவில் உள்ள பெரிய சக்கரங்கள் பிஸ்டனோடு தண்டுகளால் பிணைக்கப்பட்டவை. வண்டியை இழுப்பவை இவைதாம். பின்னால் உள்ள சிறு சக்கரங்கள் நெருப்புப் பெட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. இம்மூன்று கூட்டங்களையும் வரிசையாக எண்ணி, இடையில் கோடு போட்டு எழுதும் முறையை 1900 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் ஒயிட் முன்வைத்தார். நான்கு வழிகாட்டிச் சக்கரங்கள், ஆறு இயக்கு சக்கரங்கள், இரண்டு தாங்கு சக்கரங்கள் கொண்ட எஞ்சின் 4-6-2. பின்னால் நிலக்கரியும் நீரும் சுமந்து வரும் டெண்டரின் சக்கரங்கள் கணக்கில் வாரா. பிரிட்டனும் அதைப் பின்பற்றி இந்தியாவும் இம்முறையை ஏற்றன.

எண்களோடு பெயர்களும் ஒட்டிக்கொண்டன. 4-6-2 'பசிபிக்', 2-8-2 'மிகாடோ'. அமெரிக்காவில் செய்து பசிபிக் கடல் கடந்து நியூசிலாந்துக்கு அனுப்பியதால் முன்னதற்கு அப்பெயர். ஜப்பானுக்கு அனுப்பியதால் பின்னதற்கு அந்நாட்டு மன்னரின் பட்டம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பகைநாடானதும் மிகாடோவை 'மெக்கார்தர்' என்று தளபதி பெயரால் அழைத்தார்கள். நம் மீட்டர் பாதைகளுக்கும் அப்பெயரோடு ஒரு வகை எஞ்சின் வந்து சேர்ந்தது. இப்பெயர்கள் ஏற்றுமதியின் வரலாறு. பொறியியல் இவற்றில் துளியும் இல்லை. இவற்றை இத்துடன் விட்டுவிடலாம்.

மீட்டர் பாதைக் காலத்தின் பிற்பகுதியில் நம் தென் மாவட்டங்களில் பயணி வண்டிகளை இழுத்த எஞ்சின் ஒய்.பி.; சரக்கு வண்டிகளை இழுத்தது ஒய்.ஜி. இரண்டும் 1949 முதல் இந்தியாவுக்கு வந்தன. பின்பு ஜாம்ஷெட்பூரின் டெல்கோ ஆலையில் பெருமளவில் செய்யப்பட்டன. இரண்டுக்கும் கொதிகலன் ஒரே வகை. ஒன்றினுடையதைக் கழற்றி மற்றதில் பொருத்தலாம். ஆக, அவை பிறக்கும் நீராவி ஒன்றே. பின் ஏன் ஒன்று பயணிகளுக்கும் மற்றது சரக்குக்கும் ஆயிற்று? விடை சக்கரங்களில் இருக்கிறது. ஒய்.பி. 4-6-2, ஒய்.ஜி. 2-8-2. கூட்டிப் பாருங்கள்: இரண்டுக்கும் பன்னிரண்டு சக்கரங்கள்தாம். பன்னிரண்டில் எத்தனை இழுக்கின்றன என்பதே வேறுபாடு.

ஒரு சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்வது அதன் மேல் அழுந்தும் பாரத்தினால்தான். உலர்ந்த தண்டவாளத்தில், அழுந்தும் பாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இழுக்கலாம். அதற்கு மேல் நீராவியைத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று வழுக்கும். ஒய்.பி.யிலும் ஒய்.ஜி.யிலும் ஒரு சோடி இயக்கு சக்கரத்தின் மேல் அழுந்துவது ஏறத்தாழ 10½ டன். ஒய்.பி.க்கு மூன்று சோடி: 31½ டன், அது பற்றி இழுக்கக்கூடியது சுமார் 8 டன் விசை. ஒய்.ஜி.க்கு நான்கு சோடி: 42 டன்; இழுவிசை பத்து டன்னைத் தாண்டும். நெடிய சரக்கு வண்டியை நின்ற நிலையிலிருந்து அசைக்க இந்த இரண்டு டன்தான் வேண்டும்.

ஒயிட் முறைக்கு இது வெற்றியே. நடு எண்ணை மட்டும் பார்த்து இழுவையை ஊகிக்கலாம். முதல் எண்ணைப் பார்த்து ஓட்டத்தை ஊகிக்கலாம். ஒய்.பி.யின் முன்னே நான்கு சக்கரங்கள் இருப்பதால் வேகத்தில் வளைவுக்குள் அமைதியாக நுழைகிறது. ஆனால் வேகத்துக்குக் காரணமான இன்னொன்று எண்களில் வரவே இல்லை. அது சக்கரத்தின் அளவு. ஒய்.பி.யின் இயக்கு சக்கரம் 54 அங்குல விட்டம், ஒய்.ஜி.யினுடையது 48 அங்குலம். ஒரு கிலோமீட்டர் செல்ல முன்னது 232 முறை சுழன்றால் போதும். பின்னது 261 முறை சுழல வேண்டும். ஒவ்வொரு சுழற்சிக்கும் பிஸ்டன் ஒரு முறை போய் வந்தாக வேண்டும் என்பதை நினைத்தால், விரைவு வண்டிக்கு ஏன் பெரிய சக்கரம் என்பது விளங்கும். 4-6-2 என்னும் எண் இதில் ஊமை.

இன்னொரு குறை அடிப்படையானது. மாட்டு வண்டியில் இரு சக்கரங்களையும் கோத்து நிற்கும் இரும்பை இருசு என்கிறோம். அங்கே இருசு நிற்க, சக்கரங்கள் தனித்தனியே சுழலும். இரயிலில் அப்படி இல்லை. சக்கரங்கள் இருசில் இறுக்கி அறையப்பட்டவை. மூன்றும் ஒரே பொருளாகச் சுழலும். ஒரு சக்கரம் இழுத்து அதன் துணை சும்மா இருப்பது நடவாத காரியம். அப்படியானால் எண்ண வேண்டியது இருசையா, சக்கரத்தையா? ஒயிட் சக்கரத்தை எண்ணியதால் அவருடைய எண்கள் எல்லாமே இரட்டைப்படையாகி, பாதிச் செய்தி வீணாகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இருசை எண்ணினார்கள். அவர்களுக்கு ஒய்.பி. 231, ஒய்.ஜி. 141. கோடும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம்.

சுவிட்சர்லாந்தில் இன்னும் நயமாக ஒரு வழி கண்டார்கள். இழுக்கும் இருசுகளை மேலேயும், மொத்த இருசுகளைக் கீழேயும் எழுதினார்கள். ஒய்.பி. 3/6, ஒய்.ஜி. 4/6. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பின்னம் இது. சுருக்கினால் ஒன்றில் இருசுகளில் பாதியும், மற்றதில் மூன்றில் இரண்டும் இழுக்கின்றன. சற்று முன்பு நாம் ஒரு பத்தி எழுதி விளக்கியதை இப்பின்னம் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறது. எனக்குப் பிடித்த முறை இதுவே. ஆனால் பிடித்ததனாலேயே அதன் குறையை மறைக்க முடியாது. சிறு சக்கரங்கள் முன்னே உள்ளனவா பின்னே உள்ளனவா என்று பின்னம் சொல்லாது. 4-6-2 உம் 3/6. 2-6-4 உம் 3/6. இவ்விரண்டும் வளைவில் ஒன்றுபோல் நடப்பவை அல்ல.

இனி டீசலுக்கு வருவோம். மீட்டர் பாதையில் நீராவியின் இடத்தைப் பிடித்தது ஒய்.டி.எம்.4. எடை 72 டன். ஆறு இருசுகள், மும்மூன்றாக இரண்டு போகிகளில் அமைந்தவை, ஒவ்வோர் இருசுக்கும் தனித்தனி மின் மோட்டார். சும்மா உருளும் சக்கரமே கிடையாது. 72 டன்னும் பற்றி இழுக்கும் பாரம். ஒய்.ஜி.யின் 42 டன்னோடு ஒப்பிட்டால், நீராவி ஏன் தோற்றது என்பதற்கான காரணங்களில் ஒன்று தெரியும். இதை ஒயிட் முறையில் எழுதினால் 0-6-6-0 என்று வரும். இரண்டு கூட்டமாகத் தண்டு பிணைத்த பழைய நீராவி எஞ்சினுக்கும் இதே எண்தான்! மோட்டார் என்னும் பொருளையே அறியாத குறியீட்டிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இங்கேதான் ஜெர்மன் வழி வந்த அனைத்துலக முறை துணைக்கு வருகிறது. அதில் இழுக்கும் இருசுகளுக்கு எழுத்து. சும்மா உருளும் இருசுகளுக்கு எண். ஏ என்றால் ஓர் இருசு, பி என்றால் இரண்டு, சி மூன்று, டி நான்கு. இருசுக்கு ஒரு மோட்டார் என்று தனித்தனியே இயங்கினால் எழுத்தின் பக்கத்தில் ஒரு சுழி போடுவார்கள். சுழி இல்லையேல், இருசுகள் தண்டாலோ பற்சக்கரத்தாலோ ஒன்றோடொன்று பிணைந்தவை என்று பொருள். ஒய்.டி.எம்.4 க்கு இரண்டு சி, இரண்டிலும் சுழி.

சுழி சிறிது, அது சொல்லும் செய்தி பெரிது. சித்தரஞ்சனில் 1960களில் செய்த டபிள்யூ.ஏ.ஜி.1 என்னும் மின்சார எஞ்சினில் ஒவ்வொரு போகிக்கும் ஒரே மோட்டார். இரண்டு இருசுகளையும் அதுவே பற்சக்கரங்களால் ஓட்டியது. ஆகவே அது சுழியில்லாத பி-பி. வண்டி புறப்படும்போது எஞ்சினின் முன்பாரம் சற்றுப் பின்னுக்குச் சாய்ந்து, முன் இருசின் அழுத்தம் குறையும். தனி மோட்டார் என்றால் அந்த இருசு மட்டும் வழுக்கிச் சுழலப் பார்க்கும். பிணைந்த இருசு என்றால் கூட்டாளி அதைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்கர்கள் இந்தச் சுழியைப் போடுவதில்லை. நாம் சுழியோடு எழுதும் எஞ்சினை அவர்கள் வெறும் சி-சி என்பார்கள். இரு நாட்டு நூல்களையும் மாற்றி மாற்றிப் படிக்கும் மாணவர் இந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்தோடு சுழியைச் சேர்த்து 'கோ' என்று வாயால் சொல்லிப் பழகிவிட்டார்கள். அதை நாம் அப்படியே 'கோ-கோ' என்று அச்சிடுகிறோம். சி யும் போயிற்று, சுழியும் போயிற்று. மூன்று என்னும் எண்ணும் அதனோடு போயிற்று. தமிழ் வழியில் படிக்கும் மாணவருக்கு மிஞ்சுவது குயில் கூவும் ஓசைதான். அவர் அதை மனப்பாடம் செய்கிறார் என்றால் குற்றம் அவர்மேல் இல்லை.

இத்தனையும் இருக்க, நம் இரயில்வேயின் சொந்தக் குறியீடு என்ன சொல்கிறது? ஒய்.பி., டபிள்யூ.ஏ.பி.7 என்பவை அதுதான். முதல் எழுத்து பாதையின் அகலம்: டபிள்யூ அகலப் பாதை, ஒய் மீட்டர் பாதை. டீசலுக்கு டி, மாறுதிசை மின்சாரத்துக்கு ஏ. பயணிகளுக்கு பி, சரக்குக்கு ஜி, இரண்டுக்கும் எம். சக்கரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீராவிக் காலத்தில் இது பெருங்குறை என்றே சொல்லலாம். பி என்றும் ஜி என்றும் பெயர் சூட்டியதே சக்கரத்தின் காரணமாக. காரணத்தைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டியது அக்குறியீடு.

ஆனால் காலம் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டது. இன்றைய அகலப் பாதையில் விரைவு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி.7 ஐயும், சரக்கு வண்டிகளை இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி.9 ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஆறு இருசுகள், ஆறு மோட்டார்கள், இரண்டும் கோ-கோ. மோட்டாருக்கும் இருசுக்கும் இடையிலுள்ள பற்சக்கரங்களின் விகிதத்தை மாற்றினார்கள்; சரக்கு எஞ்சின் பயணி எஞ்சினாயிற்று. ஒய்.பி.யும் ஒய்.ஜி.யும் ஒரே கொதிகலன், வேறு சக்கர அமைப்பு. இவையோ ஒரே சக்கர அமைப்பு, வேறு பல் விகிதம். வெளியே நின்று சக்கரத்தை எண்ணுபவருக்கு இவ்வேறுபாடு தெரியாது. பெட்டிக்குள் மூடிய பற்களில் அது ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைச் சொல்லாத பி, ஜி எழுத்துகள்தாம் இப்போது உண்மையைச் சொல்கின்றன.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இக்கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் (கடைசிக் குளிப்பு 1961) முத்துகளை முதலில் சல்லடைகளில் இட்டு அரிப்பார்கள். பத்துப் பித்தளைச் சல்லடைகள்; துளைகளின் எண்ணிக்கையால் 20, 30 என்று தொடங்கி 1000 வரை பெயர் பெற்றவை. எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் அளவு. ஆனால் அந்த எண்ணை வைத்து எந்த வணிகரும் விலை பேசியதில்லை. அதன் பின் கண்ணால் பார்த்து, உருட்சியும் ஒளியும் நிறைந்ததை ஆணி என்றும், ஒட்டிப் பிறந்து உருக்கெட்டதைக் குறுவல் என்றும் பல தரமாகப் பிரிப்பார்கள். பிறகு மஞ்சாடி எடையில் நிறுப்பார்கள். சல்லடை எண் ஒரே எண்ணாக இருந்தும் ஒரு முத்து ஆணியாகவும் மற்றது குறுவலாகவும் இருக்கலாம். 4-6-2 என்பது ஒரு சல்லடை எண். நாம் அதையே தரம் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

எல்லாக் குறியீடுகளும் மறந்த மற்றொன்று உண்டு. பாதை போடும் பொறியாளரைக் கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வார்: ஓர் இருசின் பாரம். தண்டவாளமும் பாலமும் தாங்க வேண்டியது எஞ்சினின் மொத்த எடையை அன்று. ஒரே இடத்தில் ஓர் இருசு அழுத்தும் எடையையே. ஒய்.பி.யின் 10½ டன் எங்கே, 123 டன்னை ஆறு இருசுகளில் சுமக்கும் டபிள்யூ.ஏ.பி.7 இன் 20½ டன் எங்கே! மீட்டர் பாதை அகலப் பாதையாக மாறியபோது தண்டவாளங்களை நகர்த்தி வைத்தால் போதாது என்றதற்கு இது ஒரு காரணம். துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிவரும் பாதைக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை. ஆயினும் 4-6-2 அதைச் சொல்லாது, கோ-கோவும் சொல்லாது.

அதைச் சொன்ன முறையும் உண்டு. ஜெர்மன் அரசு இரயில்வே 1920களில் கொண்டுவந்த வகைக்குறி அது. அவர்களுடைய புகழ்பெற்ற 01 வகை விரைவு எஞ்சினுக்கு எஸ் 36.20 என்று எழுதினார்கள். எஸ் என்பது விரைவு வண்டி; ஆறு இருசுகளில் மூன்று இழுப்பவை; ஓர் இருசின் பாரம் 20 டன். வேலை, இழுவை, பாதைக்கு வரும் சுமை ஆகிய மூன்றும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. நாம் அலசிய முறைகளில் இதுவே தலையாயது என்பது என் கருத்து. ரோமன் எழுத்தை நம்பியிராததால் தமிழுக்கும் இது இடைஞ்சலின்றி வரும். அரை டன்னை விட்டுவிட்டு எழுதினால், ஒய்.பி. 'பயணி 36.10', ஒய்.ஜி. 'சரக்கு 46.10', ஒய்.டி.எம்.4 '66.12'; டபிள்யூ.ஏ.பி.7 'பயணி 66.20'. நான்கு இருசில் 78 டன் சுமக்கும் டபிள்யூ.ஏ.பி.5 'பயணி 44.19'. கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருபத்துநான்கு பெட்டிகளைக் கிளப்ப எதை அனுப்புவது என்று மாணவரே சொல்லிவிடுவார்.

சக்கரங்களின் வரிசையும் தெரிய வேண்டுமானால் பிரெஞ்சு எண்ணைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்: 36.10, 231. தனி மோட்டாரா, பிணைந்த இருசா என்பதை மட்டும் சொல்லால் எழுதத்தான் வேண்டும். சுழிக்கு ஈடு இதில் இல்லை. பாடநூல் எழுதுவோர் இரண்டு குறியையும் தருவதில் என்ன தடை இருக்க முடியும்?

இம்முறைக்குள் விசித்திர எஞ்சின்களும் அடங்குகின்றன. 2001 இல் வந்த டபிள்யூ.டி.பி.4 டீசலில் ஆறு இருசுகள்; ஆனால் மோட்டார் நான்குக்கே. ஒவ்வொரு போகியிலும் எஞ்சினின் நடுப்பக்கத்தை ஒட்டிய இருசு சும்மா உருளும். அனைத்துலக முறையில் 'போ1-1போ' என்று வாய்க்கு அகப்படாமல் வரும் அது, இங்கே 46 என்று முடிகிறது. பிறகு அதன் வழியில் செய்த டபிள்யூ.டி.பி.4பி யில் ஆறு இருசுக்கும் மோட்டார் வைத்தார்கள்: 66. எதைத் திருத்தினார்கள் என்பது எண்ணிலேயே தெரிகிறது.

அடங்காத எஞ்சின் ஒன்றும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி ஏறும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின், ஒயிட் முறையில் 0-8-2. நம் கணக்கில் 45. ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் அதற்குக் கைகொடுப்பவை இந்தச் சக்கரங்கள் மட்டும் அல்ல. தண்டவாளங்களின் நடுவே பதித்த பல்வரிசையைக் கவ்வி ஏறும் பற்சக்கரங்கள் அதன் அடியில் இருக்கின்றன. அவற்றுக்கென்றே தனியாக இரண்டு சிலிண்டர்கள் உண்டு. பாரத்தால் பற்றுவது ஒன்று, பல்லால் கவ்வுவது மற்றொன்று. சுவிட்சர்லாந்துக்காரர்கள் பின்னத்துக்கு முன்னால் பல்லுக்கென்று ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியவர்களும் அவர்களே. நாமும் '45' க்கு முன்னால் 'பல்' என்று எழுதிக்கொள்ளலாம்.